ஈரம் காயாத வெட்டு

பங்குக் கோயில் மண்டபத்தின் நடுச்சுவரில் பாதிரியாரின் வெள்ளிவிழாப் புகைப்படத்துக்கென்றே அடித்த ஒரு ஆணி உண்டு. அந்தப் புகைப்படத்தைக் கழற்றி, முகம் சுவரைப் பார்க்கும்படி ஒரு மூலையில் சாத்திவிட்டு, இக்னேஷியஸ் கோய்ன் ஏணியில் நின்றபடி கையை நீட்டினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நோரீன் கெரட்டி தன் படத்தை எடுத்துக் கொடுத்தாள். பதினோரு வருடமாக அவள் படங்கள் கழிப்பறைக் கதவுக்கும் தீயணைப்பு உருளைக்கும் நடுவில்தான் தொங்கிவந்தன. கழிப்பறைக்குப் போகிறவர்கள் போகும் அவசரத்தில் பார்க்காமலும், வருகிறவர்கள் வரும் நிம்மதியில் பார்க்காமலும் கடந்துபோவார்கள். இந்த வருடம் வாசலில் கால் வைத்ததும் கண்ணில் படுவது அவள் படம்.

"கண்காட்சியைத் திறக்க கவுன்சிலர் வரலையாம் நோரீன், இடுப்புப் பிடிச்சுக்கிச்சாம்," என்றார் கோய்ன் மேலிருந்து. "நல்லதாப் போச்சு. அந்த ஆளுக்குப் படமும் பஞ்சாங்கமும் ஒண்ணுதான். பதிலுக்கு யாரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா? காப்பகத்துக்குப் புதுசா வந்திருக்காங்களே ரேஞ்சரம்மா, ஓர்லா ஃபோலன். சதுப்பைப் பத்தின கண்காட்சிக்கு சதுப்பைக் காக்கிறவங்களே வந்தா எப்படி இருக்கும்? ஏழு மணிக்கு வந்துடுவாங்க. ஏணியை ஆட்டாதீங்க."

ஏணியை அவள் ஆட்டவில்லை. சந்தோஷத்தில் அவள்தான் ஆடிக்கொண்டிருந்தாள்.

கோய்ன் முப்பது வருடம் வங்கி மேலாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரமே நீர்வண்ணம் அவரை ஆட்கொண்டது. ஜூன் மாதத்திலும் கழுத்தில் ஒரு பட்டுத்துணி சுற்றிக்கொண்டது. டெரிநகால் நீர்வண்ணக் குழுவை நிறுவியவரும் அதன் தலைவரும் பரிசு நடுவரும் அவரே. குழுவின் சத்தியவாக்கையும் அவர்தான் எழுதினார்: 'கண்முன் இருப்பதை மட்டுமே வரைவோம், இல்லாத ஒரு கோட்டையும் இடோம்.' வெளியில் உட்கார்ந்து, இயற்கையைப் பார்த்து, அங்கேயே முடித்த படத்துக்குத்தான் பரிசு. அதற்கு அத்தாட்சியாக ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் வரைந்தவர் கைப்பட எழுதிய ஒரு சீட்டு. நோரீனின் சீட்டில் தபால் நிலைய வேலையில் பழகிய அவளுடைய கையெழுத்தில், யாரும் மூக்குக்கண்ணாடி இல்லாமலே படிக்கக்கூடிய தெளிவோடு இருந்தது: 'டெரிநகால் சதுப்பு, கிழக்குப் பக்கம், மூன்றாவது கரை. இவ்வருடம் மே 19, காலை ஒன்பது மணி.'

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நோரீனுக்கு வாய் அவ்வளவாகக் கிடையாது. தூரிகையால் கெட்டாள்.

டெரிநகால் சதுப்பில் டர்ஃப் என்ற எரிமண்ணை வெட்டக் கூடாது என்று அரசாங்கம் பலகை நட்டு எட்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் எத்தனை தலைமுறை என்று யாருக்கும் தெரியாத காலமாக, வெட்டுமேட்டில் ஆளுக்கொரு கரை வைத்து, மே மாதத்தில் ஈரக்கட்டிகளாக வெட்டியெடுத்து, கோடையில் காயவைத்து, குளிர்காலமெல்லாம் அடுப்பில் எரித்துவந்த ஊர் அது. பலகை வந்ததும் சிலர் கத்தினார்கள், சிலர் இனி வெட்டுவதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். நோரீனின் அண்ணன் மாலகி போட்டான். போட்டுவிட்டு, பேனா மை காய்வதற்குள் வெட்டவும் போனான். மாலகியின் நியாயம் எளிமையானது: கையெழுத்துப் போட்டது அவன், சமையலறை அடுப்பு போடவில்லை. போன இலையுதிர்காலத்தில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இனி ஒருமுறை பிடிபட்டால் கடிதம் வராது, நீதிமன்ற அழைப்புத்தான். அதனால் இந்த வருடம் அவன் இயந்திரத்தைத் தொடவில்லை. இயந்திரம் சத்தம் போட்டுச் சாலைவரை காட்டிக்கொடுக்கும். அப்பா வைத்திருந்த, அலகின் ஒரு பக்கம் தகடு நீட்டிய ஒற்றைச்சிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக, சத்தமில்லாமல் கையாலேயே வெட்டினான்.

அவன் வெட்டியபோது பத்தடி தள்ளிப் புதர்ப்பூக்களுக்கு நடுவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நோரீன். துணைக்கு வந்திருக்கிறாள், மலையை வரைகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவளும் மலையைத்தான் வரையப் போனாள். ஆனால் ஒன்பது மணி வெயில் அப்போதுதான் வெட்டிய கரைமேல் விழுந்தது. பழைய வெட்டு பழுப்பேறி உதிர்ந்து கிடக்கும். ஈர வெட்டு அப்படியல்ல. கறுப்பு வெண்ணெயைக் கத்தியால் வழித்த மாதிரி, ஒவ்வொரு வெட்டின் தடத்திலும் ஒரு வெளிச்சக் கீற்று சரிந்து இறங்கும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்று ஒரு வண்ணம் கிடையாது, காகிதத்தைத் தொடாமல் விட்டால் அதுதான் வெள்ளை. பதினோரு வருடமாக எதைத் தொட வேண்டும் என்று மட்டுமே கவலைப்பட்டுக் கொண்டிருந்த நோரீன், அன்று முதல்முறையாக எதைத் தொடக்கூடாது என்று கண்டுகொண்டாள். அண்ணனை மட்டும் ஜாக்கிரதையாக விட்டுவிட்டாள். ஆளை வரையவில்லை, ஆபத்தில்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

ஆறு மணிக்கு மாலகி வாடகை நாற்காலிகளோடு வந்து சேர்ந்தான். இரண்டு கையிலும் நான்கு நான்காகத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தவன் வாசலிலேயே நின்றான். தங்கை வரைந்த படம் எதையும் அவன் இதுவரை நின்று பார்த்ததில்லை. ஒருமுறை ஒன்றை அடுப்புக்குப் பின்னால் ஈரச் சுவரை மறைக்க மாட்டினான், அதுதான் அதிகபட்ச மரியாதை. இப்போது நாற்காலிகளைக் கீழே வைக்க மறந்து நின்றான்.

"இது என் கரை," என்றான்.

"மெதுவாப் பேசு."

"மூணாவது கரை. அந்தக் கோடியில கல்லு நீட்டிக்கிட்டு இருக்கே, அதுவரைக்கும் இருக்கு." அவன் குரல் குற்றம்சாட்டுகிற குரலாகத்தான் இருந்தது. "அப்படியே இருக்கு, நோரீன்."

பதினோரு வருடம் காத்திருந்த பாராட்டு இப்படியா வந்து சேர வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ரேஞ்சர் வருவதைச் சொன்னாள். மாலகி நாற்காலிகளைக் கீழே வைத்தான். ஒரு நாற்காலி சரிந்து விழுந்து மண்டபம் முழுக்கச் சத்தம் போட்டது.

"கழட்டு."

கழற்ற கோய்ன் விடவில்லை. கையேடு அச்சாகிவிட்டது, அட்டையிலேயே இந்தப் படம்தான், மங்கலான கறுப்புவெள்ளையில் முந்நூறு பிரதி. "படைப்பாளிக்குக் கடைசி நேரத்துல வர்ற கூச்சம் இது, எனக்கும் வரும்," என்றார். அவருக்கு அது வந்ததை யாரும் பார்த்ததில்லை. அவர் ஒலிபெருக்கியைச் சோதிக்க மேடை ஏறியதும் அண்ணனும் தங்கையும் படத்தை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு மண்டபத்துச் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்கள். நோரீன் சட்டத்தின் பின்பக்க ஒட்டுநாடாவைக் கிழித்துக் கண்ணாடியை உருவினாள். பைக்குள் எப்போதும் இருக்கும் சின்ன வண்ணப் பெட்டியைத் திறந்து, ஒரு தட்டில் பழுப்பையும் சாம்பலையும் குழைத்தாள். காய்ந்து உதிர்ந்த பழைய வெட்டின் நிறம். அந்தக் கீற்றுகளின் மேல் ஒரே ஒரு இழுப்பு. மே பத்தொன்பது எட்டு வருடம் பின்னால் போய்விடும்.

"ஒரு நிமிஷ வேலைதானே?" என்றான் மாலகி.

"ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனா திரும்ப வராது. இது காகிதம், மாலகி. மூடினா மூடினதுதான்."

தூரிகை நுனியில் சாம்பல் துளி திரண்டு நின்றது. வெளியே ஒலிபெருக்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருந்தது. நோரீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை இறக்கினாள். காகிதத்துக்கும் துளிக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. அப்போது மாலகியின் தடித்த விரல் குறுக்கே வந்து துளியைத் தாங்கியது.

"இரு," என்றான். விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு படத்தின்மேல் குனிந்தான். "எத்தனை வெட்டு போட்டிருக்க?"

"எண்ணல. பார்த்தேன், போட்டேன்."

"பதினாலு. அன்னைக்கு பதினாலுதான்." காகிதத்தைத் தொடாமல் விரலை ஒரு கோட்டின் மேலாக இழுத்துக் காட்டினான். "ஒரு கோடு கோணலா இருக்கா பாரு. மேலேர்ந்து கீழ வரைக்கும், தச்சன் இழைச்ச மாதிரி. இயந்திரம் வந்தப்புறம் இந்த ஊர்ல இப்படி எவன் வெட்டறான்? பேட்ஸி மூனி வெட்டினா பன்னி மேஞ்ச மாதிரி இருக்கும்." நிமிர்ந்து சமையலறைச் சன்னலைப் பார்த்தான். "இதை எவன்கிட்டயும் காட்டி 'பாருடா'ன்னு சொல்ல முடியாது எனக்கு. சொன்னா கோர்ட்டு."

நோரீன் அவனைப் பார்த்தாள். குடும்பத்தில் கலைச்செருக்கு தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தாள். தூரிகையைக் கழுவினாள். இரண்டு பேரும் கண்ணாடியைப் பொருத்தி, நாடாவை ஒட்டி, படத்தைப் பழைய இடத்தில் மாட்டினார்கள். சீட்டை மட்டும் பிய்த்து நோரீன் கம்பளிச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கெட்டிக்காரத்தனம் இவ்வளவுதான் எட்டியது.

ஏழு மணிக்குள் மண்டபம் நிறைந்தது. வந்தவர்கள் எல்லோரும் வாசலில் ஒரு கணம் நின்றார்கள். அந்த ஒரு கணம் போதும்; அங்கே ஈர வெட்டைத் தெரியாதவர்கள் இரண்டே பேர், எண்ணெய்க் கொதிகலனில் குளிர்காய்கிற இக்னேஷியஸ் கோய்னும் அவர் மனைவியும். மற்றவர்கள் படத்தைப் பார்த்து, மாலகியைப் பார்த்து, பிறகு மிகுந்த அக்கறையோடு பக்கத்துச் சுவரில் கோய்ன் வரைந்திருந்த பூஞ்சாடியைப் பார்க்கப் போனார்கள். அந்தப் பூஞ்சாடிக்கு முன்னால் அன்று கூடிய கூட்டம் அதன் ஆயுளில் இனி கூடப்போவதில்லை. கோய்ன் கூட்டத்தைக் கண்டு பட்டுத்துணியைச் சரிசெய்துகொண்டார்.

"உன் தங்கச்சி உன்னை நல்லா மாட்டியிருக்கா," என்று பேட்ஸி மூனி மாலகியின் காதருகே சொன்னான். "ஆணியடிச்சு."

வெளியே ஜீப் வந்து நின்றது. ஓர்லா ஃபோலனுக்கு நாற்பது வயதிருக்கும். சீருடைச் சட்டை, சேறு காய்ந்த காலணி. வாசலில் எல்லோரும் வழிவிட்டார்கள். யாராவது எதையாவது பேசியாக வேண்டும் என்ற நிலை. அந்த ஊரில் பேச ஒன்றுமில்லையென்றால் வானிலை இருக்கிறது. பேட்ஸி மூனி முன்னால் வந்தான்.

"வாங்க வாங்க. இந்த வாரம் நல்லாக் காயுது, இல்ல?"

காயுது என்ற வார்த்தை மண்டபத்தின் நடுவில் விழுந்து அப்படியே கிடந்தது. ஜூன் மாதத்தில் டெரிநகாலில் காய்கிறது என்று ஒருவன் சொன்னால் அது ஒன்றைத்தான் குறிக்கும். பேட்ஸிக்குக் காது சிவந்தது.

"துணி," என்றான். "துணியைச் சொன்னேன்."

"ஆமா, எங்க வீட்டுப் போர்வைகூட," என்றாள் யாரோ ஒருத்தி. "என் சட்டை," என்றான் இன்னொருவன். ஊரே துவைத்துப் போட்டிருந்தது.

"நல்ல ஊரு," என்றாள் ஓர்லா ஃபோலன். "சுத்தமான ஊரு."

கோய்ன் மேடை ஏறினார். நீர், மண், தனிமை என்று ஆரம்பித்தார். பிறகு நடுச்சுவரைச் சுட்டிக்காட்டி, இந்த வருடப் பரிசு இதற்குத்தான் என்றார். "இந்தக் கறுப்பைப் பாருங்க. இது வெறும் மண்ணா? இல்ல. ஒரு இனத்தோட ஆறாத காயம். இந்தக் கீற்றெல்லாம் என்ன? யாரோ இப்பதான், நேத்துதான் வெட்டின மாதிரி ரத்தம் சொட்டுது பாருங்க."

ரத்தம் சொட்டவில்லை, மாலகியின் நெற்றியில் வியர்வைதான் சொட்டியது. கோய்ன் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். சீட்டு கீழே விழுந்துவிட்டதுபோல, பரவாயில்லை, தன்னிடம் நகல் இருக்கிறது என்றார். ஒவ்வொரு சொல்லையும் தேவாலயத்தில் வாசகம் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். டெரிநகால் சதுப்பு. கிழக்குப் பக்கம். மூன்றாவது கரை. இவ்வருடம். மே பத்தொன்பது. காலை ஒன்பது மணி.

ஓர்லா ஃபோலன் எழுந்து படத்தின் அருகே போனாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு ஒரு சாண் தூரம் வரை முகத்தைக் கொண்டுபோனாள். மேலிருந்து கீழே, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணுகிறாள் என்று நோரீனுக்குத் தெரிந்தது. பதினாலு வரும்வரை அவள் உதடு அசைந்ததையும் பார்த்தாள்.

"நீங்க அங்கேயே உக்காந்து வரைஞ்சீங்களா?" என்றாள் ஓர்லா, திரும்பாமல்.

நோரீன் எழுந்து நின்றாள். "இல்லைங்க. கற்பனை."

மேடையில் கோய்ன் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி உறைந்தார். "என்ன சொன்னீங்க நோரீன்?"

"வீட்டுல உக்காந்து வரைஞ்சேன், மிஸ்டர் கோய்ன். சமையலறை மேசையில. அப்படி ஒரு கரையே கிடையாது. சீட்டுல எழுதினது பொய்."

அவள் வாழ்க்கையில் சபையில் சொன்ன முதல் பொய் அது. அந்தப் பொய்யைச் சொல்ல, தான் சொன்ன ஒரே உண்மையைப் பொய் என்று சொல்ல வேண்டியிருந்தது. கோய்னின் முகம், வங்கியில் கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. குழுவின் சத்தியவாக்கை இரண்டுமுறை எடுத்துச் சொன்னார். கண்முன் இல்லாததை வரைவது கலையல்ல, ஏமாற்று என்றார். பரிசு ரத்து, அது அடுத்த இடத்துக்குப் போகும், அதாவது, தவிர்க்க முடியாமல், பூஞ்சாடிக்கு. மண்டபம் கைதட்டியது. நோரீன் பதினோரு வருடம் காத்திருந்த கைதட்டல் அது. ஒருவர் விடாமல் எல்லோரும், உள்ளங்கை சிவக்க, அவளைப் பார்த்தபடியே தட்டினார்கள். கோய்ன் பூஞ்சாடியின் சார்பில் தலை வணங்கினார்.

சடங்கு முடிந்து தேநீர் நேரம். ஊர்க்காரர்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசினார்கள். பரிமாற ஆள் போதாமல், பெரிய பாத்திரத்திலிருந்து நிரப்பிய கனத்த தேநீர்க் கெண்டியை மாலகியின் கையில் யாரோ திணித்துவிட்டிருந்தார்கள். ஓர்லா ஃபோலன் கோப்பையும் தட்டுமாக இன்னும் படத்தின் முன்னால்தான் நின்றிருந்தாள். நோரீன் பக்கத்தில் போய் நின்றாள். போகாமல் இருந்தால் ஓடியதாகிவிடும்.

"நல்ல கற்பனை உங்களுக்கு," என்றாள் ஓர்லா.

"ஏதோ வரும்."

"எங்க அப்பா மேயோ மாவட்டத்துல டர்ஃப் வெட்டினவர். நாங்க ஏழு பேர், எல்லாருக்கும் சதுப்புலதான் கோடை விடுமுறை. நான் வேலைக்குச் சேர்ந்தப்ப எங்க அப்பா ஒரு மாசம் என்கூடப் பேசல." சிரித்தாள் என்று சொல்ல முடியாது. "படத்துல ஒண்ணு கவனிச்சேன். வலதுகைக்காரன் வெட்டினா தடம் இந்தப் பக்கமாச் சாயும். உங்களுது எல்லாமே அந்தப் பக்கம் சாயுது. பதினாலும்." கோப்பையை வைத்திருந்த கையின் சுண்டுவிரலால் காற்றில் ஒரு சரிவுக் கோடு இழுத்துக் காட்டினாள். "கற்பனை பண்றவங்க சாதாரணமா இடதுகைக்காரனைக் கற்பனை பண்ண மாட்டாங்க."

டெரிநகாலில் இடதுகையால் வெட்டுகிறவன் ஒருவன்தான். அவன் மூன்றடி தள்ளிக் கெண்டியோடு நின்றிருந்தான். கேட்டுவிட்டான் என்பது அவன் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது.

"தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டு ஓர்லா அவன் பக்கம் கோப்பையை நீட்டினாள்.

மாலகி கெண்டியை இடதுகையிலிருந்து வலதுகைக்கு மாற்றினான். பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகள் அடித்தும் வளைக்க முடியாத கை அவனுடையது. வலதுகையால் அவன் ஒரு கரண்டி சர்க்கரைகூட அள்ளி நோரீன் பார்த்ததில்லை. கெண்டியின் மூக்கு ஆடியது, கோப்பையின் விளிம்பில் இரண்டுமுறை இடித்து மெல்லிய மணிச்சத்தம் எழுப்பியது, பிறகு உள்ளே ஊற்றத் தொடங்கியது. அந்த ஊரில் ஊற்றுகிறவன் தானாக நிறுத்துவதில்லை, வாங்குகிறவர் போதும் என்று சொல்ல வேண்டும். கோப்பை பாதி நிறைந்தது. முக்கால் ஆனது. மாலகி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினான். அவள் அவன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பை நிரம்பி, கறுத்த தேநீர் விளிம்பில் ஒரு கணம் புடைத்து நின்று, பிறகு அமைதியாக வழிந்து தட்டில் இறங்கியது. தட்டும் நிறையத் தொடங்கியது. அவள் கை அசையவில்லை. போதும் என்று சொல்லவுமில்லை.